சீசா கொண்டுவராத நோயாளி

போன வாரம் ஒரு ரத்தப் பரிசோதனைக்காக, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே சங்கரன்கோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸாக இருந்தவள் நோயாளியாகப் போய் உட்கார்ந்தால் அவளைப் போலத் தொல்லை பிடித்த நோயாளி கிடையாது. பஞ்சு டப்பா மூடியிருக்கிறதா, டிரே துடைத்திருக்கிறதா, ரத்தம் எடுக்கும் பெண் எந்த விரலால் நரம்பைத் தேடுகிறாள் என்று கண் தன் பாட்டுக்குப் பரிசோதனை நடத்திக்கொண்டிருக்கும். அந்தப் பெண் காகித உறையைச் சரக்கென்று கிழித்துப் புது ஊசியை எடுத்தாள். கையில் ஸ்பிரிட் பஞ்சு பட்டது. அந்தக் குளிர்ச்சியும் வாசனையும் மட்டும் மாறவே இல்லை.

எங்கள் காலத்தில் ஊசி போடும் அறைக்குள் நுழைந்தால் முதலில் காதுக்குத்தான் வேலை. கொதிக்கிற தண்ணீருக்குள் கண்ணாடி சிரிஞ்சுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் போடும். ஊசிகளையும் அதே தண்ணீரில்தான் வேகவைப்போம். வெந்த ஊசியின் முனையைப் பஞ்சில் மெல்ல இழுத்துப் பார்ப்பேன். பஞ்சு இழை ஒட்டிக்கொண்டு வந்தால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கல்லில் தீட்ட வேண்டும். மற்ற நர்ஸுகள் ஏதோ ஒன்றிரண்டைப் பார்ப்பார்கள். நான் எல்லாவற்றையும் பார்ப்பேன். ஒழுங்கு என்று நான் சொல்லிக்கொண்டேன். கிறுக்கு என்று அவர்கள் சொன்னார்கள்.

அதற்கு அடுத்தபடியாக ஞாபகம் வருவது சீசா. மருந்துக் கலவையை வாங்குவதற்கு நோயாளிதான் சீசா கொண்டுவர வேண்டும். கேட்டுக்கு வெளியே காலி சீசாக்களைக் கழுவி வெயிலில் அடுக்கி வைத்து விற்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுவருபவர்களும் உண்டு. நல்லெண்ணெய் வாடை மாறாத சீசா, சாராய வாடை மாறாத சீசா, மூடிக்குப் பதில் காகிதச் சுருளை அடைத்த சீசா. கம்பவுண்டர் ரோஸ் நிற மருந்தை ஊற்றி, எந்த அளவு வரை ஒரு வேளைக்கு என்று தெரிய, பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். வெளிநோயாளி வரிசை என்றாலே இடுப்பில் பிள்ளையும் கையில் சீசாவும்தான்.

எழுபதுகளின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீசா இல்லாமல் ஒருவர் அந்த வரிசையில் வந்து நின்றார்.

அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஆயா கோமதியக்கா. ஆட்கள் முன்னால் என்னைச் 'சிஸ்டரம்மா' என்பாள். தனியாக இருந்தால் 'ஏட்டி' தான். கொதிதண்ணீருக்குப் பக்கத்தில் வந்து காதைக் கடித்தாள்.

"ஏட்டி, அந்தா பெஞ்சு ஓரத்துல இருக்காவள்லா, அது சீக்குக்காரி இல்ல. உன்னப் பாக்க வந்திருக்காவ."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தலை நிறையப் பிச்சிப்பூ. சேலையில ஒரு கசங்கல் இல்ல. எல்லாத்துக்கும் மேல, கையில சீசாவ எங்கட்டி?"

எனக்குப் புரிந்துவிட்டது. பனவடலிசத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பா, கரிவலம்வந்தநல்லூரில் ஒரு இடம் வந்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நிலம், கிணறு, ஜவுளிக்கடை, ஒரே மகன். பெஞ்சில் இருப்பது அந்த மகனின் அம்மா. நர்ஸுப் பெண் என்றால் அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் முறையாகத் தட்டு எடுத்து வருவதற்கு முன்னால் இப்படி ஒரு வேவு நடக்கும். தலைவலி, கைகால் அசதி என்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பெண் எப்படி நிற்கிறாள், ஆம்பளை நோயாளிகளிடம் எப்படிப் பேசுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். கூட வேலை பார்த்தவர்களுக்கு நடந்ததைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்கு நடந்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு ஆட்டுக்காரர் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு வந்தார். உடைமுள் குத்திய உள்ளங்கால். துணியை அவிழ்த்ததும் வாடை அறை முழுக்கப் பரவியது. புண்ணுக்குள் புழு.

"நீ தள்ளு. நான் பாத்துக்கிடுதேன். போய்க் கை கழுவிட்டு ஊசிப் பக்கம் லட்சணமா நில்லு" என்றாள் கோமதியக்கா. அவள் சொன்னதில் அக்கறை இருந்தது. அப்பாவின் ஆசையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலைக் கோமதியக்காவின் அவசரத்திடம் விட எனக்கு மனம் இல்லை. தரையில் உட்கார்ந்து மடியில் ரப்பர் விரிப்பைப் போட்டுக் காலை எடுத்து வைத்துக்கொண்டேன். கற்பூரத் தைலத்தை ஊற்றினால் புழு மேலே வரும். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும்.

"மெள்ள தாயி, மெள்ள! என் ஆட்டுக்குக்கூட நான் இப்படிச் செய்ய மாட்டேன்."

"ஆடு இவ்வளவு கத்தாது, அண்ணாச்சி."

வரிசை முழுக்கச் சிரித்தது. பெஞ்சு ஓரத்தில் இருந்தவர் மட்டும் சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். எழுந்து போகவும் இல்லை.

அவர் முறை வந்தது. கைகால் அசதி என்று டாக்டரிடம் அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார்; சீட்டில் சத்து ஊசி எழுதியிருந்தது. இனித் தப்ப முடியாது.

"கை கழுவிட்டியாம்மா?"

"ரெண்டு மட்டம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாக்கெட் கையை மேலே சுருட்டினார். போட்டுப் பஞ்சை வைத்துத் தேய்த்தேன்.

"எப்பப் போடுவே?"

"போட்டாச்சு."

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். பிறகு வேவு பார்க்க வந்ததையே மறந்துவிட்டவர் போலக் கேட்கத் தொடங்கினார்.

"ராத்திரியும் வேல உண்டோ?"

"முறை வச்சு வரும்."

"கல்யாணம் ஆனா?"

"அப்பவும் வரும்."

"பிள்ள பெத்தா? பச்சப்பிள்ளைய யாரு பாப்பா?"

"பாத்துக்கிடலாம்" என்றேன். இருபத்துச் சொச்சம் வயதில் உலகத்துக் கேள்விகள் அத்தனைக்கும் அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

அவர் வாசல் தாண்டும்போது கோமதியக்கா உரக்கச் சொன்னாள்: "அடுத்த மட்டம் வாரப்ப மறக்காம சீசா கொண்டாங்க, மதினி!" அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடையில் மட்டும் வேகம் கூடியது.

அடுத்த வாரம் அப்பா வந்தார். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றபடியே சொன்னார்: "அவியளுக்குச் சம்மதம்தான் மக்கா. உன் கை நல்ல கைன்னு சொல்லுதாவ. வேலைய மட்டும் விட்டிரணுமாம்."

"அப்போ வேண்டாம்னு சொல்லிருங்கப்பா."

"நல்ல இடம்லா."

"இதுவும் நல்ல இடம்தாம்ப்பா."

அவர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். கட்டடத்தில் காரை பெயர்ந்திருந்தது. டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

பிறகு எனக்குத் திருவேங்கடத்துக்காரர் ஒருவரோடு கல்யாணம் நடந்தது. தபால் ஆபீஸில் வேலை. ஒரு நிபந்தனையும் போடவில்லை. ஊசி என்றால் பயப்படுவார். அந்த ஒன்றைத் தவிர அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. வேலையையும் நான் விடவில்லை. இந்த ஊரில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளின் முதல் அழுகையை அவர்கள் அம்மாவுக்கும் முன்னால் கேட்டவள் நான். கடைத்தெருவில் முன்பின் தெரியாத வாலிபன் சைக்கிளை நிறுத்தி "அம்மா சொன்னாவ, நீங்கதானாமே" என்று சிரிப்பான். அதற்கு ஈடாக எதைக் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் என் மகள் முதன்முதலாக நடந்ததை நான் பார்க்கவில்லை. அது ஆடித்தபசு நாள். ஊரே தேரோடும் வீதியில் நெருக்கிக்கொண்டிருக்க, நான் முதலுதவிப் பந்தலில் மயங்கி விழுந்தவர்களுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளை சுவரைப் பிடித்து எழுந்ததிலிருந்து நடந்து வந்து தன் மடியில் விழுந்தது வரை நடித்தே காட்டினார். நான் கையை நீட்டி எத்தனையோ தடவை கூப்பிட்டேன். அவள் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணால் பார்த்ததை மட்டுமே டைரியில் எழுதுகிற பழக்கம் எனக்கு. அன்றைக்குக் காதால் கேட்டதை எழுதினேன். எழுதி முடித்துப் பேனாவை மூடுவதற்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் வெளிநோயாளி வரிசையில், அன்றைக்கு வேவு பார்க்க வந்த கரிவலத்து அம்மாவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். தலையில் பூ இல்லை. நெஞ்சுச்சளி. வேறு நர்ஸ் ஊசியோடு வந்தபோது கையை இழுத்துக்கொண்டு, "அந்தப் பிள்ள வரட்டும்" என்று என்னைக் காட்டினார். நான் போனதும் மடிக்குள்ளிருந்து ஒரு சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பளபளவென்று கழுவி, மூடியும் போட்ட சீசா.

"கொண்டாந்துட்டேன். உங்க ஆயாகிட்ட சொல்லிரு."

கோமதியக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

ஊசி போட்டு முடித்ததும் கேட்டார். "பிள்ள உண்டா?"

"ஒரு பொண்ணு."

"யாரு பாக்கா?"

"பக்கத்து வீட்டு அக்கா."

அவர் பஞ்சைக் கையோடு அழுத்திக்கொண்டார். "நான் அன்னைக்குக் கேட்டது தப்பில்லல்லா?"

"தப்பில்லம்மா. நான் சொன்னதும் தப்பில்ல."

"அது தெரியும்" என்றார். "வேலைய விட்டிருந்தா இப்ப எனக்கு யாரு வலிக்காமப் போடுவா?"

போன வாரம் ரத்தம் எடுத்த பெண், நானும் நர்ஸ்தான் என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை துபாயில். நர்ஸுப் பெண்தான் வேண்டும் என்று தேடி வந்திருக்கிறார்கள். போட்டோவில் பார்த்ததோடு சரி.

"வேலைய விடக் கூடாது, அது ஒண்ணுதாம்மா அவங்க போட்ட கண்டிஷன்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. வாழ்த்தத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

"பிள்ள பெத்தா யாரு பாப்பா?"

"பாத்துக்கிடலாம்மா" என்று சிரித்தபடி அடுத்த உறையைக் கிழித்தாள்.

பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தேன். கொதிதண்ணீர்ச் சத்தம் இல்லை. ரோஸ் மருந்து இல்லை. கேட்டுக்கு வெளியே சீசா அடுக்கி வைத்த இடத்தில் செல்போன் கடை. தலைவலி என்று பொய் சொல்லிப் பெண் பார்க்க யாரும் இப்போது வருவதில்லை. வந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. வரிசையில் நின்றவர்கள் யார் கையிலும் சீசா இல்லை, என் கையிலும்தான்.