அறுபதடி மணல்

சாவிக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் வீட்டுப் பூட்டு மக்கர் பண்ணினாலும் இரண்டே நிமிடத்தில் திறந்துவிடுவார். திறந்த கையோடு அந்த வீட்டுக்காரருக்கு நாலு திட்டும் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் கூடப்பிறந்த தம்பியோடு பதினோரு வருஷமாகப் பேசவில்லை. காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். மகள் கல்யாணப் பத்திரிகையைத் தம்பி வீட்டுக்கு நேரில் கொண்டுபோகாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். தையல்காரத் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது; கல்யாணத்துக்கே வரவில்லை. இவ்வளவுதான் விஷயம்!

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஒரே கரையில்தான் தூண்டில் போட்டார்கள். நடுவில் அறுபதடி மணல். இவர் இரை கோப்பார், அவனும் கோப்பான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. "இந்த வீம்பைக் கட்டிக்கிட்டு அழுங்க," என்பாள் மனைவி. "அவன்தான் வந்து பேசட்டுமே," என்பார் சாவிக்காரர். வரமாட்டானா என்று உள்ளுக்குள் ஏங்கியதும் இவர்தான். அதை மட்டும் அந்த நீளமான வாய் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு இவர் கோல் வளைந்த வளைப்பில் கை இரண்டும் பிய்ந்துவிடும் போலிருந்தது. அப்படியொரு இழுப்பை அவர் ஜென்மத்தில் கண்டதில்லை. குதிகாலை ஊன்றியும் மணல் சறுக்கியது.

"விடுண்ணே, விடு! தண்ணி உள்ள போகுதுல்ல, நரம்பை விடு!"

காதருகில் தம்பியின் குரல். ஓடிவந்து இவர் இடுப்பைப் பிடித்திருந்தான். சாவிக்காரர் தூண்டில் நரம்பைத் தளர விட்டார்.

"அலை வருது, இப்ப சுத்து! பின்னால நட!"

"உன் காலை எடுடா, மிதிச்சுடப் போறேன்!"

இப்படியே அரைமணி நேரம். நடுவில் இருவரும் சிரித்துக்கூட விட்டார்கள். கடைசியில் கணுக்கால் தண்ணீரில் மீன் புரண்டது. அடேயப்பா, ஓர் ஆள் நீளம்! தம்பிக்கு நிலைகொள்ளவில்லை. பாய்ந்து போய் நரம்பைக் கையில் சுற்றி இழுத்தான். அந்த நேரம் பார்த்து அலை பின்வாங்கியது. நரம்பு பட்டென்று அறுந்தது. மீன் தண்ணீரோடு போய்விட்டது.

போனால் போகிறது என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா?

"உன்னை யாருடா கூப்பிட்டா? எல்லாத்தையும் கெடுக்குறதுக்குன்னே வருவியா? என் கண்ணுல படாதே, போ!"

நரம்பு தம்பியின் விரல்களை ஆழமாக அறுத்திருந்தது. கடல் தண்ணீரில் கழுவி, துண்டைச் சுற்றிக்கொண்டு, தன் கோலை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. சாவிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது ஞாயிறு கோலை வீட்டிலேயே வைத்துவிட்டு, பதினோரு வருஷமாக மிதிக்காத வாசலில் போய் நின்றார்.

தம்பி தையல் மிஷின் முன்னால் இருந்தான். ஸ்டூலில் கிடந்த துணிகளை அள்ளி ஒதுக்கினான். "உக்காருண்ணே."

"கை எப்படிடா இருக்கு?"

"ஆறிடுச்சு. ரெண்டு விரல்தான் இன்னும் மடங்கல."

"அன்னிக்கு வாய் தவறிடுச்சுடா. மீன் கிடக்குது, விட்டுத்தள்ளு. அடுத்த வாரம் வா, பக்கத்துலயே நின்னு போடலாம்."

"கோலைக் குடுத்துட்டேண்ணே."

"அடப்பாவி, ஏண்டா?"

தம்பி ஊசியில் நூல் கோக்கப் பார்த்தான். நூல் விலகி விலகிப் போனது.

"எனக்குப் பல வருஷமா மீன்னாலே ஆகாதுண்ணே. புடிச்சதையெல்லாம் எதிர் வீட்டுக்குத்தான் குடுத்தேன். வாரத்துல ஒரு நாளாவது உன்னைப் பாக்கலாம்னுதான் வந்து நின்னேன். கண்ணுல படாதேன்னு நீயே சொன்னப்புறம் எனக்கு எதுக்கு அந்தக் கோல்?"

சாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுடா, நான் கோத்துத் தர்றேன்," என்று கையை நீட்டினார்.

"வேணாண்ணே," என்றான் தம்பி. "பழகிக்கிறேன்."