கறுப்புக் காருக்கு ஆயில் பிரேக்

போன வாரம் மகன் புதுக் கார் எடுத்தான். கடைக்காரர்களே மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்தார்கள். "நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும்மா" என்றான். பழம் நசுங்கி எழுந்த வாசனை என்னைப் பழைய பேகம்பூர்ப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் மேற்கொண்டு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

எங்களிடமும் ஒரு கார் இருந்தது. வெள்ளைக்காரர் யாரோ ஓட்டிக் கழித்த கறுப்புக் கார். நான் கல்யாணமாகி வந்தபோது, எனக்கு முந்தியே வந்துவிட்ட மூத்தாள் மாதிரி வாசலில் நின்றது. என் வீட்டுக்காரர் அதைப் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் வாடகைக்கு ஓட்டினார். அதுதான் எங்கள் சோறு.

அதில் இருந்தது கம்பி பிரேக். பெடலை மிதித்தால் கம்பி இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். கம்பி தொய்ந்தால் பிடிக்காது. ஒரு நாள் மட்கார்டு நசுங்கி, செம்மண் அப்பிக்கொண்டு வந்து நின்றது வண்டி. அவராகச் சொல்லவில்லை, கேட்டதும் சொன்னார். கொடைக்கானல் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், மேட்டில் முட்டி நிறுத்தியிருக்கிறார். அந்தப் பக்கம் பள்ளம். முருகன்தான் வண்டியை மேட்டுப் பக்கம் தள்ளியிருக்கிறான்.

"பிரேக்கை மாத்துற வரைக்கும் மலைக்குப் போகக் கூடாது" என்றேன்.

"மலைக்குப் போகாட்டி வெஞ்சனத்துக்கு எங்க போறது?"

"நான் வெறுஞ்சோறு திங்கிறேன். ஆளு முழுசா வீட்டுக்கு வரணும்."

அன்றைக்கே மஞ்சத்துணியில் காசு முடிந்து பழனி ஆண்டவருக்கு வைத்தேன்.

பேகம்பூரில் காதர் பாய் பட்டறை வைத்திருந்தார். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒத்த வயது. நான் அவருக்குத் தங்கச்சி, அதனால் இவர் மாப்ளே. கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆயில் பிரேக் மாட்டிவிடலாம் என்று பாய்தான் சொன்னார். காயலான் கடையில் பட்டாளத்து ஜீப் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து சாமான் எடுக்கலாம் என்று பேச்சு.

இவருக்கு அவசரம். பெடலை மிதித்தால் எண்ணெயைச் சக்கரத்துக்குத் தள்ளுகிற சிலிண்டர், லாரியில் கழற்றிய பெரிசு ஒன்றைக் கக்கத்தில் சேவல் இடுக்குகிற மாதிரி இடுக்கிக்கொண்டு போனார்.

"ஏன் மாப்ளே, இதை மிதிக்க நீ ஒரு ஆளு, தொணைக்கு ஒரு ஆளா? இம்புட்டுப் பெருசு மாட்டுனா பெடலு கல்லாட்டம் நிக்கும்" என்றார் பாய்.

"பெருசா இருந்தா நல்லாப் புடிக்குமின்னு நெனச்சேன்."

"பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் நெனச்சியா?"

மதியச் சோறு கொண்டுபோன என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். அப்போது நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன்.

பாய் சாமான் பொறுக்கிய அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் கத்தரிக்காய்க்குக் காம்பு பார்ப்பேன், அவர் அதைவிட உற்றுப் பார்த்தார். சிலிண்டர், சக்கரத்து டிரம், எல்லாம் அந்த ஒரே ஜீப்பில் கழற்றியதாக இருக்க வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சேர்த்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாம். டிரம்மைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். கோயில் மணி மாதிரி கணீரென்றால் வைத்துக்கொள்வார். ஓசை செத்திருந்தால் விரிசல், தூரப் போட்டுவிடுவார். எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்லாம் சேர்ந்தும், சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பரில் நின்றுபோனது.

"இதுவும் நல்லாத்தானே பாய் இருக்கு?"

"இரும்பு பழசா இருக்கலாம் மாப்ளே. ரப்பர் இருக்கக் கூடாது. உள்ள வெடிச்சிருந்தா மலையிலதான் தெரியும். மதுரையிலயிருந்து புதுசு வரட்டும்."

அது வருகிறவரை வண்டி பட்டறையில் நின்றது, நாங்கள் கஞ்சி குடித்தோம். நான்தானே வாயைக் கொடுத்தேன், முணுமுணுக்க முடியவில்லை.

ரப்பர் வந்து, எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய் ஊற்றியாயிற்று. குழாய்க்குள் காற்று இருந்தால் பெடல் பொசுக்கென்று அமுங்கிப் போகுமாம், அதை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, கீழே ஒருவர் சக்கரத்துத் திருகாணியைத் திறந்து மூட, இன்னொருவர் எண்ணெய் குறையாமல் ஊற்ற வேண்டும். பட்டறை ஆள் அன்றைக்கு வரவில்லை. நான் தூக்குச்சட்டியோடு நின்றேன்.

"தங்கச்சி, ஏறி உக்காரு. மிதிச்சதும் சொல்லு. நான் விடுங்கிற வரைக்கும் காலை எடுத்துராத, காத்து திரும்ப உள்ள போயிரும்."

டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். சொல்ல வேண்டிய வார்த்தை மறந்துபோய் "முருகா" என்றுதான் வந்தது. வண்டிக்கடியில் திருகு திறந்தது, எண்ணெய் புசுபுசுத்தது, மூடியது.

"ஆச்சு, விடு தங்கச்சி."

திரும்ப மிதித்தேன். "முருகா."

"ஆச்சு, விடு."

"பாய், காவடி எடுத்துருவீக போல" என்றார் இவர்.

"அவனைக் கூப்புட்டாத்தான் உன் வண்டி நிக்கும்னா கூப்புடட்டும். நீ எண்ணெயை என் கண்ணுல ஊத்தாம ஊத்து."

இப்படியே நாலு சக்கரத்துக்கும் முடித்தோம். பாதி மிதிக்கும்போதே பெடல் காலடியில் கெட்டியாக நின்றது. அதுவரைக்கும் என் கால் அறியாத ஒரு தெம்பு அது.

பட்டறைக்கு வெளியே சரிவில் சோதனை ஓட்டம். நான் கொண்டுபோன எலுமிச்சம்பழத்தைப் பாய் வாங்கி ரோட்டில் வைத்தார். வண்டி இறங்கி வந்து, பழத்துக்கு ஒரு சாண் முன்னால், வலமோ இடமோ சாயாமல் நின்றது. இரண்டு ஆண்களும் சிரிக்கிறார்கள், எனக்குப் பகீரென்றது. பழம் நசுங்கவில்லையே.

"மொதல்ல நிக்கட்டும், தங்கச்சி. நசுக்கறதுக்கு எம்புட்டு நேரம்" என்றார் பாய். பிறகு எனக்காக மெதுவாக உருட்டி நசுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் மலைக்குப் போனவர் விளக்கேற்றும் நேரத்துக்கு வந்துவிட்டார். மட்கார்டைத் தடவிப் பார்த்தேன். செம்மண் இல்லை.

இப்போது காரும் இல்லை, அவர்கள் இரண்டு பேரும் இல்லை. மகனுடைய வண்டியில் பின் சீட்டில் போகிறேன். நேற்று பழனியிலிருந்து திரும்பும்போது ஓர் இறக்கம். என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது, "முருகா" என்றேன். வண்டி சொகுசாக வேகம் குறைந்தது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. கீழேயிருந்து யாராவது விடச் சொல்ல வேண்டும் என்று வெகு தூரம் அப்படியே மிதித்துக்கொண்டு வந்தேன்.