கிணறு சிவந்த நாள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. பேனாவை எடுப்பேன், அல்லாஹ் அறிந்ததை ஊரும் அறிய வேண்டுமா என்று வைத்துவிடுவேன். நான் அதிகம் படித்தவனல்ல. பதுளைக் கடைவீதியில் துணியும் சாயப்பொடியும் விற்றுப் பிழைத்தவன்.

எங்கள் வீட்டுக் கிணறு நண்பகலில், லுஹர் தொழுகைக்குச் சற்று முன் முணுமுணுக்கும். காற்றில்லாத நாளிலும், மழையில்லாத மாதத்திலும். குனிந்தால், ஆழத்தில் யாரோ தாழ்ந்த குரலில் ஓதுவது போலிருக்கும். கோடையிலும் அது வற்றியதில்லை. அல்லாஹ்வின் அருள், பரக்கத் என்றே நம்பினோம். காய்ச்சல் கண்ட வீடுகளிலிருந்து செம்பு கொண்டு வருவார்கள், பசறையிலிருந்துகூட. நான் கிணற்றுத் தண்ணீரில் பாத்திஹா ஓதி, ஊதிக் கொடுப்பேன்.

அந்த வருடம் கடைவீதியின் கழிவெல்லாம் ஓடிய பழைய கற்கானை, அந்தச் சாக்கடையை, மாற்றிச் சுட்டமண் குழாய் பதிக்கத் தொடங்கினார்கள். கான் எங்கெங்கே கசிகிறது என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அந்த வேலையின் மேற்பார்வையாளர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டிப் பழகியவர். என் கடையில்தான் சிவப்புச் சாயம் வாங்கினார். எதற்கு என்று கேட்டேன்.

“கானுக்குக் கல்யாணங்க மொதலாளி. செவப்புச் சேல கட்டிவிடப் போறோம்.”

நானும் சிரித்து, ஒரு பிடி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

அப்போது என் மகளுக்குக் காய்ச்சல் விடாமல் பதினோராம் நாள். வேறொன்றும் தொண்டையில் இறங்கவில்லை. நான் ஓதிய தண்ணீர் மட்டுமே. மறுநாள் நண்பகல் மண்குடத்தைப் பிடித்துக் கண்மூடி ஓதினேன். வெளியே கிணறு வழக்கத்தைவிட உரக்க முணுமுணுத்தது. நான் ஊதி முடித்ததும் மனைவி வெள்ளைக் கோப்பையில் ஊற்றினாள். தண்ணீர் சிவந்திருந்தது.

மகள் கை நீட்டினாள்.

“தாங்க வாப்பா, தாகமா இரிக்கி.”

ஓதிய தண்ணீரைக் கொட்டலாகாதே என்று, உண்மையைச் சொல்கிறேன், கோப்பையை அவள் உதடுவரை கொண்டுபோய்விட்டேன். அப்போதுதான் என் விரல்நகம் கண்ணில் பட்டது. சாயம் அளந்த கறை. கானில் ஊற்ற மேற்பார்வையாளர் வாங்கிய அதே சிவப்பு.

கோப்பையுடன் கான் வேலை நடந்த வெட்டுக்குழிக்கு ஓடினேன். மேற்பார்வையாளர் பார்த்தார். இம்முறை சிரிக்கவில்லை.

“இந்தத் தண்ணிய வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?”

கோப்பையை அங்கேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மலையூற்று நீரைக் காய்ச்சிக் கொடுத்தோம். மகள் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் செம்பு கொண்டுவந்த சில வீடுகளில் சாவு விழுந்து ஜனாஸா எழுந்திருந்தது. சிலவற்றுக்கு நானே தோள் கொடுத்திருக்கிறேன். என் தண்ணீராலா என்று அல்லாஹ்வே அறிவான். அந்த வீடுகளுக்கு நான் போய்ச் சொல்லவில்லை.

கிணற்றை மண்ணிட்டு மூடினோம். பழைய கானையும் தூர்த்துவிட்டார்கள். புதுக் குழாய் தெருவின் மறுபக்கம் போகிறது. ஆனாலும் லுஹருக்கு முன் அந்த மண்மேட்டில் நின்றால் முணுமுணுப்பு கேட்கிறது. நின்று, அந்த வீடுகளில் இறந்த மையித்துகளுக்காக ஓதுகிறேன்.

என் மகளுக்காகக் கிணறு இரத்தக் கண்ணீர் விட்டது என்று ஊரில் இப்போது கதை கட்டுகிறார்கள். வாசிப்பவர்களே, சொல்வதானால் இதில் உள்ளபடி சொல்லுங்கள். அது சாயம். நான் விற்றது. அந்தத் தண்ணீரைக் கொடுத்ததும் நான்தான். என் மீது இரங்கிக்கூட ஒரு சொல்லைக் குறைக்க வேண்டாம்.