கவுனி அரிசிக்கு இனிப்புப் பார்த்தவள்

எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவள் நான்தான். நான்காம் வகுப்பு படிக்கும்போதே கல்யாண வீடுகளில் எனக்கு உத்தியோகம். அப்பா காரைக்குடிப் பக்கம் பேர்போன சமையல்காரர். இனிப்புக்கென்றே அவரைத் தேடி வருவார்கள். காலமெல்லாம் பாகையும் பாயசத்தையும் ருசி பார்த்த மனுஷருக்குச் சுகர் வராமல் வேறு யாருக்கு வரும்?

காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் இழுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வேலை செய்யும் இடத்தில் ருசி பார்ப்பதை விடச் சொன்னார். அப்பா மாத்திரையை விழுங்கினார். ருசி பார்ப்பதைத்தான் விட முடியவில்லை. வெளியே மூச்சு விடவுமில்லை. சமையல்காரருக்கே சுகர் என்றால் எவன் இனிப்புச் செய்யக் கூப்பிடுவான்?

புதுவயல் அரிசி ஆலைக்கு லாரி ஓட்டும் மாமா, வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் கொடியைக் கொண்டுவந்து, "இந்த இலைய மென்னுட்டா இனிப்பு மேல ஆசையே போயிரும் மச்சான்" என்றார். அம்மா லேசுப்பட்டவள் இல்லை. இலையோடு நேரே டாக்டரிடம் போய் நின்றாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது, இரண்டும் சேர்ந்து சுகரை ஒரேயடியாக இறக்கிவிடலாம், அதனால் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் இலை அப்பா கைக்கு வந்தது. நானும் ஒன்றை மென்று பார்த்தேன். கசந்தது. பிறகு சீனியை அள்ளிப் போட்டால் வாயில் வெறும் மணல்.

அந்த வாரமே ஊருக்குள் செக்காலைப் பக்கம் ஒரு கல்யாணம். "அப்பா எதையாச்சும் வாயில போட்டாகன்னா எங்கிட்ட வந்து சொல்லணும்" என்று அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினாள்.

அண்டா நிறைய, பந்தியில் இனிப்பாக வைக்கும் கவுனி அரிசி கருகருவென்று வெந்திருந்தது. சீனியைக் கொட்டிக் கிளறியதும் அப்பா பழக்கதோஷத்தில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். முகம் மாறியது. "இனிப்பே ஏறலையேப்பா, இன்னும் ரெண்டு படி கொட்டு" என்றார். கொட்டினார்கள். மறுபடி வாயில் போட்டுப் பார்த்தவர் சீனி மூட்டையையே இழுத்து வரச் சொன்னார். வெளியே பந்தியில் ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "ரெண்டு தடவை வாயில போட்டீக. அம்மாட்ட சொல்லிருவேன்."

அப்பா எரிச்சலோடு ஓர் உருண்டையை என் வாயில் திணித்தார். "நீயே சொல்லு ஆத்தா, இதுல இனிப்பு இருக்கா?"

"தெகட்டுதுப்பா" என்றேன். அவர் நம்பாமல் பார்க்கவும், காதருகே எட்டி, "சித்த முன்னாடி அந்த இலைய மென்னீகள்ல?" என்றேன்.

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அடுத்த பந்திக்கென்று சீனி போடாமல் தனியே வெந்திருந்த இன்னொரு பானைக் கவுனியை அண்டாவில் கவிழ்த்து, தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டுக் கிளறினார். கிளறக் கிளற என் வாயில் ஓர் உருண்டை. நான் தலையாட்டிய பிறகுதான் அண்டா பந்திக்குப் போனது. பெண் வீட்டுப் பெரியவர் கைகழுவின ஈரத்தோடு உள்ளே வந்து, "கவுனின்னா இதுதான்யா கவுனி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அப்பா போகிற கல்யாணத்துக்கெல்லாம் நானும் போனேன். மாத்திரை, இலை, காலை நடை, அம்மாவின் அதட்டல் எல்லாம் சேர்ந்து சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்தன, காயமும் ஆறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காரைக்குடியிலேயே என் நாக்குக்கு ஈடில்லை என்பதால்தான் அப்பா என்னைக் கூட்டிப்போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்க அளந்துவிட்டேன்.

அடுப்படியில் அப்பாவைச் சுற்றி எப்போதும் ஏழெட்டு ஆட்கள் இருப்பார்கள். எல்லாருக்கும் வாயில் நாக்கு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, "பிள்ளைக்குப் பசிக்குது போல" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே என் வாயில் உருண்டையை வைத்துவிட்டு, நான் தலையாட்டும் வரை அப்பா ஏன் அப்படி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.