அப்பன் முதுகு

துபாயில் ஒரு விலங்குப் பூங்கா. தென்னமெரிக்க மழைக்காட்டு இராக்குரங்குகள் விழித்திருக்க வேண்டுமென்று, நண்பகலிலும் இந்த அறையை இருட்டாக வைத்திருக்கிறார்கள். இத்தனை சிறிய முகத்தில் இத்தனை பெரிய கண்களை யார்தான் பொருத்தினார்களோ! ஒன்று முதுகில் குட்டியோடு சத்தமே இல்லாமல் கிளை தாவுகிறது.

"தாய்ப்பாசத்தப் பாருங்க," என்கிறேன், பக்கத்தில் நிற்கும் விழுப்புரத்துக்காரரிடம். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர்.

"அது அப்பண்ணே. குட்டி பால் குடிக்க மட்டும் அந்தப் பக்கம் அம்மாகிட்ட போச்சு. குடிச்சதும் திரும்பி வந்து இவன் முதுகுல ஏறிக்கிச்சு."

வாசலில் அவருடைய நண்பர்கள் "யல்லா, யல்லா" என்று கூப்பிடுகிறார்கள். அவர் நகரவில்லை.

"அடுத்த வாரம் லீவுல போறேண்ணே. எம்மவ பொறந்து இன்னும் பாக்கல. எங்கிட்ட வருவாளான்னு தெரியல. வந்துட்டா, எறக்கியே விட மாட்டேன்."