அரண்மனைப் பதிவேட்டில் ஓர் எழுத்து

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஆறு மணிக்குக் காபி. ஆறரைக்குச் செய்தித்தாள். ஏழு மணிக்கு வாரம் ஒருமுறை செய்கிறபடி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். பேண்டேஜ் துணி யூனிட்டில் தரம் பார்ப்பது என் வேலை. ஆறு நாளும் லென்ஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிறவனுக்கு ஞாயிறுதான் கண்ணுக்கு ஓய்வு.

ஒன்பது இருபதுக்கு நானும் மனைவியும் இராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். பழைய அரண்மனையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். பார்க்க வேண்டியது அங்கே காட்சிக்கு வைத்த எதுவும் இல்லை. வந்துபோகிறவர்கள் பெயர் எழுதும் பதிவேடு.

எங்கள் மகள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல், ஐந்தே நாள், பதின்மூன்று வயது. அவள் கையெழுத்தில் ஒரு வரிகூட வீட்டில் இல்லை. அதற்குக் காரணம் நான். ஒவ்வொரு வருடமும் போகிக்கு முந்தின வாரம் பழைய நோட்டுகளையெல்லாம் கட்டி எடைக்குப் போட்டுவிடுவேன். அவள் போனபின் வந்த போகிக்கும் அவள் நோட்டுகளைச் சேர்த்தே போட்டேன். மனைவி அப்போது வத்திராயிருப்பில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தவள் காலி அலமாரியைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். இந்த ஞாயிறுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

போன வாரம் அவளாகவே கேட்டாள்: "அரமனைக்குப் போனமே, அங்கன பெரிய நோட்டுல பாப்பா எழுதுனா. தேதி இருக்குமா ஒங்க டைரில?"

இருந்தது. 2015 மே 10. பஸ் கிளம்பிய நேரம், போன அறைகள், திரும்பி வந்து குடித்த சர்பத் எல்லாம் இருந்தன. மகள் எழுதியது பற்றி ஒன்றும் இல்லை.

"எழுதுனாளா? எனக்கு நெனப்பில்லையே," என்றேன்.

"எழுதுனா. பேனாவப் பிடிச்சத நான் பாத்தேன்."

அரண்மனை வாசலில் டிக்கெட் கொடுப்பவர் விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ராசா காலத்து ஓலையப் பாக்கணும்னு வருவாக. வந்துபோனவுக நோட்டத் தேடி வந்த மொத ஆளு நீங்கதான் சார். பெரிய ஆள் யாரும் கையெழுத்துப் போட்டுருக்காகளா?"

"ஆமா," என்றாள் மனைவி.

அவர் சாவி எடுத்துவரப் போனார். நாங்கள் தூண் மண்டபத்தில் நின்றோம். மேலே சுதை வேலைப்பாட்டில் புறாக்கள் இருந்தன. கண்ணாடிக்குள் வாள்கள், செப்பேடு, சாயம் போன பல்லக்கு. ஓரத்தில் ஒரு முதுமக்கள் தாழி. அதன் கழுத்தில், மண் ஈரமாக இருந்தபோது யாரோ அழுத்திய விரல் தடம் அப்படியே இருந்தது. மனைவி அதன் முன்னாலிருந்து நகரவே இல்லை.

பதிவேடுகள் பின்கட்டு அறையில் இரும்பு பீரோவில் வருட வாரியாக இருந்தன. தேதி தெரிந்ததால் பக்கத்தை எடுக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

என் கையெழுத்து. என் பெயர், ஊர், தேதி. அதற்கடுத்த வரியில் ஓர் எழுத்து, மகள் பெயரின் முதல் எழுத்து. பெரிதாக, கோணலாக, மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தாண்டிப் போயிருந்தது. அதன்மேல் இரண்டு கோடுகள். அதற்கும் கீழே மனைவி பெயரும் மகள் பெயரும் சீராக, என் கையெழுத்தில். மொத்தம் மூவர். கருத்து: நன்று.

அப்போதுதான் நினைவு வந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஆறு வயதுப் பிள்ளை பேனாவைப் பிடுங்கி எழுத ஆரம்பித்தாள். "கோட்டுக்குள்ள எழுதணும்" என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டேன். பிழையான எழுத்தை அடித்தேன். அதை டைரியில் எழுதும் அளவுக்கு ஒரு விஷயமாக நான் நினைக்கவில்லை.

மனைவி அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ஒத்த எழுத்து," என்றாள். பிறகு, "அதையும் அடிச்சிட்டீக."

அவள் சொல்லிக்காட்டியது அந்த ஒரு தடவைதான். அதற்கு முன் சொல்லாததெல்லாம் அதற்குள் இருந்தது.

டிக்கெட்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அடிச்சது என்ன நேரா இருக்கு! ஸ்கேல் வச்சீகளா சார்?"

"இல்ல," என்றேன். "வெறுங்கைதான்."

பக்கத்தைக் கொடுக்க முடியாது, போட்டோ வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவி தன் கைபேசியில் எடுத்தாள். என்னிடம் காட்டவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, திரையில் அந்த எழுத்தை இரு விரலால் பெரிதாக்கிக்கொண்டே வந்தாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடுகளும் கூடவே பெரிதாகத்தானே செய்யும். மில் வாசல் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியபோது திரையை மார்போடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சாதம் வடித்தாள். ரசம் வைத்தாள். எனக்குப் பரிமாறினாள். இருபத்தாறு வருடமாக ஒருநாளும் விடாத டைரியில் அன்று தேதியை மட்டும் எழுதினேன். மற்ற வரிகள் காலியாகக் கிடக்கின்றன.

திங்கட்கிழமை காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். முதல் வேலையாக, மனைவியின் தலையணை ஓரத்தில் பேட்டரி தீர்ந்து அணைந்து கிடந்த கைபேசியை எடுத்துச் சார்ஜில் போட்டேன்.