ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர்

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தியாகத்தான் போவோம். தொண்ணூற்றேழில் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலைக்குளிருக்காகச் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வேலைக்குப் போகும் பெண்களின் வழக்கம். அன்றைக்கு நானும் போட்டிருந்தேன்.

மலை ஏற்றத்தில் பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி எல்லோரையும் இறங்கச் சொன்னார். நான் பானெட் பக்கமாக நின்றேன். எஞ்சின் ஆறும்வரை அவர் பொறுத்திருக்கலாம். தோட்டத்தில் பேர் கொடுக்க நேரமாகிவிடும் என்று துணியைச் சுற்றி மூடியைத் திருகினார். மூடி பறந்தது. கொதிநீர் என் வலது கை முழுக்க அடித்தது.

நான் அலறியது எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது அந்தச் சட்டைதான். நனைந்த துணி சூட்டோடு தோலில் ஒட்டிக்கொண்டு, உள்ளே கையை வேகவைத்துக்கொண்டே இருந்தது. பட்டனைக் கழற்றப் போனேன். கூட வேலைக்கு வந்த அக்கா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ ஆத்தா, ஆம்பளைக நிக்கிறாக. என்ன செய்யிற நீ?”

சற்றுத் தள்ளிப் பாறை இடுக்கில் ஊற்று ஒழுகிக்கொண்டிருந்தது. டிரைவர் ஓடிப்போய்க் கேனில் தண்ணீர் பிடித்துவந்தார். எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

“தண்ணி பட்டா கொப்புளிச்சுப் போயிரும்மா. நீ அங்கன தள்ளி நில்லு” என்று சொல்லிவிட்டு ரேடியேட்டரில் ஊற்றினார். மறுபடியும் போய்ப் பிடித்துவந்தார். அதுவும் வண்டிக்குத்தான் போனது.

பிறகு எல்லோருமாக என் சட்டைக் கையைச் சுருட்டிவிட, டிரைவர் டூல் பெட்டியிலிருந்த கிரீஸை எடுத்து அப்பினார். ஒருத்திக்காக வண்டியைத் திருப்ப முடியாது என்றார்கள். தோட்டத்தில் மலையாளத்துக் கங்காணி எட்டிப் பார்த்து, “சாரமில்லா, சாரமில்லா” என்றார். பரவாயில்லையாம். சாயங்காலம் வரைக்கும் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தேன்.

முன்கையில் சிவந்து கொப்புளம் கட்டிய இடமெல்லாம் தீயாய் எரிந்தது. முழங்கை மடிப்பில் மட்டும் மெழுகு பூசினதுபோல வெளுத்திருந்தது. தொட்டால் தெரியவில்லை. “அங்கன லேசாத்தான் பட்டிருக்கு” என்று அக்கா ஆறுதல் சொன்னாள். நானும் நம்பினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கிரீஸைத் துடைத்து எடுக்க எடுக்க, தோலும் கூடவே வந்தது.

“யாரு இதை அப்புனது?”

“டிரைவரண்ணன்.”

“பக்கத்துல தண்ணி இல்லியா?”

“இருந்துச்சு.”

அவர் மிச்சமிருந்த கிரீஸையும் துடைத்து முடித்தார். பிறகு முழங்கை மடிப்பை ஊசி முனையால் தொட்டார். எனக்கு உறைக்கவில்லை.

“எரியிற எடம் ஆறிரும்மா. உணர்ச்சி இல்லாத எடந்தான் ஆழமா வெந்திருக்கு. சட்டையை அப்பவே கழட்டிட்டு, ஓடுற தண்ணியில இருபது நிமிஷம் கையைக் காட்டியிருந்தா இம்புட்டு ஆகியிருக்காது.”

வீங்கிய மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள் இறுகிக் கிடந்தன. வீங்குவதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டுமாம். அவர் ஒவ்வொன்றாக ஒடித்து எடுத்தார். என்னைப் பார்க்க வந்த மாமியார் கையின் கட்டைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

“கட்டுக்கழுத்தி கையில வளையல ஒடச்சுப்புட்டாகளே, பாவிக!”

முன்கை ஆறியது. மடிப்பில் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. பாதிக்கு மேல் கை நீளவில்லை. அந்த ஜீப்பில் எனக்கு இடமும் இல்லாமல் போனது. ரெண்டு கையும் ஓடுகிற ஆள்தான் வேண்டுமென்று கங்காணி சொல்லியனுப்பினார்.

சில வருடம் கழித்துத் தேனிக்கு வந்து அல்லிநகரத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஒருநாள் காலையில் வீட்டுக்காரம்மாவின் சின்ன மகள் கொதிக்கிற ரசத்தைக் காலில் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவளை இடது கையால் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் குழாயடியில் உட்காரவைத்து, கொலுசைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பிள்ளை வீறிட்டாள்.

“விடு அவளை! கொப்புளிச்சுப் போயிரும். சன்னி வந்துரும்” என்று வீட்டுக்காரம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அழுகை தேம்பலாக அடங்கும்வரை, அதற்கப்புறமும், காலைத் தண்ணீரிலேயே வைத்திருந்தேன். மேலெல்லாம் நடுங்காமல் முந்தானையால் போர்த்தியிருந்தேன். பிறகு துவைத்த வெள்ளைத் துணியை இறுக்காமல் காலில் போர்த்தி, “ஒண்ணும் தடவாம டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க” என்று கொடுத்தேன்.

பிள்ளையின் கால் சுத்தமாக ஆறிவிட்டது. சுட்ட தடம்கூட இல்லை. அடுத்த தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் வீட்டுக்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“பல்லு வெளக்குற பேஸ்டுதான்க்கா. இவ பிள்ளையக் கொண்டுபோயித் தண்ணியில முக்கிட்டா. நல்லவேளை, நான் பிள்ளைய இவகிட்டருந்து வாங்கிட்டு வந்து பேஸ்டைத் தடவினேன். இல்லாட்டி இவ கையி மாதிரி ஆகியிருக்கும்.”

வந்தவர்கள் எல்லோரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள்.